வளர்ச்சியின் எல்லையும் எதிர்காலத்தின் கணக்கும்: காலநிலைக் காட்சிகள் குறித்த விவாதத்தின் வரலாறு (1972–2022)

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதார வளர்ச்சிக்கு இயற்கை விதிக்கும் எல்லை உண்டா என்ற வினா 1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்னும் அறிக்கையால் உலக அரங்கிற்கு வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த வினா காலநிலை மாற்றம் பற்றிய எதிர்காலக் காட்சிகளுக்குள் இடம் மாறியது. இடம் மாறியபோது அதன் தன்மையும் மாறியது. 1972இல் ஆய்வுக்குரிய வினாவாக இருந்த வளர்ச்சி, 2000க்குப் பிறகு கணக்கின் தொடக்கத்திலேயே வைக்கப்படும் அனுமானம் ஆயிற்று. இம்மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், அதற்கு எதிராக எழுந்த வாதங்களையும், வறிய நாடுகளின் நோக்கில் அவை கொண்ட பொருளையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளர்ச்சியின் எல்லை, காலநிலைக் காட்சிகள், ரோம் மன்றம், குமரப்பா, கழிவு வீதம், உமிழ்வு நீதி

முன்னுரை

எதிர்காலத்தை முன்னறிந்து கூறுவது வேறு. எதிர்காலம் எவ்வெவ்வாறு அமையக்கூடும் எனப் பல வழிகளை வகுத்துக் காட்டுவது வேறு. பின்னதையே காலநிலை அறிவியலார் 'காட்சி' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் உரிய அச்சொல்லை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அணு ஆயுதப் போர் குறித்துச் சிந்தித்த அமெரிக்கரான ஹெர்மன் கான் திட்டமிடல் துறைக்குள் பரப்பினார். ஆகவே காட்சி என்பது வருவது உரைக்கும் குறி அன்று. 'இவ்வாறு இருந்தால் இவ்வாறு ஆகும்' என்னும் நிபந்தனைக் கூற்றே அது. நிபந்தனையின் முற்பகுதியில் என்ன வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பிற்பகுதியின் மதிப்பு அமையும்.

காலநிலைக் காட்சிகளின் முற்பகுதியில் மக்கள்தொகை, வருமானம், ஆற்றல், தொழில்நுட்பம் ஆகியன இடம்பெறுகின்றன. இவற்றுள் வருமான வளர்ச்சி பற்றிய அனுமானமே மிகுதியான பூசலை விளைவித்தது.

முன்வரலாறு: மால்தூஸ் முதல் குமரப்பா வரை

எல்லை பற்றிய சிந்தனை இருபதாம் நூற்றாண்டில் திடீரெனத் தோன்றியதன்று. 1798இல் தாமஸ் மால்தூஸ், மக்கள்தொகை பெருகும் வேகத்திற்கு உணவு உற்பத்தி ஈடுகொடுக்காது என வாதிட்டார். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலரைப் பயிற்றுவிக்க நிறுவிய கல்லூரியில் அவர் பேராசிரியராக அமர்ந்தார். அங்குப் பயின்றோர் இந்தியாவை ஆளச் சென்றனர். 1876–78இல் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் தாக்கியபோது, நிவாரணச் செலவைக் குறைக்க விரும்பிய ஆட்சியாளர்க்கு மால்தூசின் கருத்து வாய்ப்பான நியாயமாக அமைந்தது. எல்லை பற்றிய கோட்பாடு வறியவர் மீது சுமத்தப்படும் கருவியாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது தொடக்கச் சான்று. பிற்கால விவாதத்தில் வறிய நாடுகள் காட்டிய ஐயத்தின் வேர் இத்தகைய அனுபவத்தில் உள்ளது.

1848இல் ஜான் ஸ்டூவர்ட் மில், வளர்ச்சி ஓய்ந்த நிலைப்பொருளாதாரத்தை அஞ்சத்தக்கதாகக் கருதாமல் வரவேற்கத்தக்கதாகவே எழுதினார். 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் பிரித்தானியாவின் நிலக்கரி இருப்பை ஆராய்ந்து, எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயந்திரம் மொத்த நுகர்வைக் குறைப்பதற்கு மாறாக உயர்த்தக்கூடும் எனக் காட்டினார். திறன் உயர்ந்தால் உமிழ்வு தானே குறையும் என இன்று கூறுவோர் எதிர்கொள்ள வேண்டிய வாதம் இது.

இந்த வரிசையில் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவிற்கும் இடமுண்டு. சிறையில் இருந்தபோது அவர் எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்ற பொருள்படும் ஆங்கில நூல், இயற்கை வளத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள் ஆகியன தேக்கிவைக்கப்பட்ட இருப்பு; எடுக்க எடுக்கத் தீர்வன. ஆற்றின் ஓட்டமும் காட்டின் வளர்ச்சியும் பெருக்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் வரை தீராதன. இருப்பைத் தின்னும் பொருளாதாரம் போட்டிக்கும் வன்முறைக்கும் இட்டுச் செல்லும் என்பது அவர் துணிபு. மால்தூஸ் எல்லையை வறியவரின் எண்ணிக்கையில் கண்டார். குமரப்பா அதனைச் செல்வரின் நுகர்வு முறையில் கண்டார். இந்த வேறுபாடு அடுத்து வந்த அரை நூற்றாண்டு விவாதம் முழுவதையும் விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

1972: ஓர் அறிக்கையும் ஒரு மாநாடும்

இத்தாலியத் தொழிலதிபர் ஔரேலியோ பெச்செய், ஸ்காட்லாந்து அறிவியலாளர் அலெக்சாண்டர் கிங் ஆகியோரின் முயற்சியால் 1968இல் ரோம் மன்றம் தோன்றியது. அம்மன்றத்தின் வேண்டுகோளின்படி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் வளர்த்தெடுத்த அமைப்பு இயங்கியல் முறையைக் கொண்டு ஓர் உலக மாதிரி உருவாக்கப்பட்டது. டோனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெஹ்ரன்ஸ் ஆகிய நால்வர் எழுதிய 'வளர்ச்சியின் எல்லைகள்' 1972 மார்ச்சில் வெளிவந்தது.

மக்கள்தொகை, உணவு உற்பத்தி, தொழில்மயமாதல், மாசு, புதுப்பிக்க இயலா வளங்களின் நுகர்வு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பாதிக்கும் முறையை மாதிரி கணக்கிட்டது. அன்றைய போக்கு மாறாதிருந்தால் 2100க்குள் வளர்ச்சி தன் எல்லையைக் கடந்து சரியும் என்பது அடிப்படை ஓட்டத்தின் முடிவு. வள இருப்பை இருமடங்காக வைத்து ஓட்டியபோதும் சரிவு நீங்கவில்லை. வளம் தீராவிடினும் மாசு மிகுந்து சரிவைக் கொணர்ந்தது. இந்த இரண்டாம் முடிவு அன்று அதிகம் கவனிக்கப்படவில்லை. ஆயினும் காலநிலை விவாதத்தின் கரு அதிலேயே உள்ளது. மண்ணிலிருந்து எடுப்பது தீர்வது ஓர் எல்லை. வெளியிடும் கழிவைத் தாங்கும் வளிமண்டலத்தின் இடம் தீர்வது மற்றோர் எல்லை. அந்நூல் கரியமில வாயுவின் பெருக்கத்தையும் சுட்டி, 2000ஆம் ஆண்டில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 380 பங்காகும் என மதிப்பிட்டது. உண்மையில் அவ்வாண்டில் அது சுமார் 370 ஆக இருந்தது.

அதே ஆண்டு ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் மானுடச் சுற்றுச்சூழல் மாநாடு கூடியது. அங்கு உரையாற்றிய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி, வறுமையும் தேவையும் நீங்காமல் சுற்றுச்சூழலைக் காக்க இயலாது என்ற நிலைப்பாட்டை முன்வைத்தார். எல்லை உண்டெனில் அது யாருடைய வளர்ச்சிக்கு என்ற வினா இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்தது.

எதிர்வாதங்கள்

அறிக்கைக்கு எதிரான வாதங்களை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது முறையியல் சார்ந்தது. 1973இல் வில்லியம் நார்தாவுஸ், ஃபாரெஸ்டரின் உலக மாதிரி தரவின் துணையின்றி அளவிடுவதாகும் எனக் குற்றஞ்சாட்டினார். சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே ஆண்டு மாதிரியைச் சோதித்து, தொழில்நுட்ப முன்னேற்றம் பற்றிய அனுமானத்தை மாற்றினால் முடிவும் மாறும் எனக் காட்டினர்.

இரண்டாவது பொருளியல் கோட்பாடு சார்ந்தது. ஒரு வளம் அரிதானால் அதன் விலை உயரும். விலை உயர்ந்தால் மாற்று வளம் தேடப்படும் என்பது ராபர்ட் சோலோவின் வாதம். இவ்வாதத்திற்கு மக்களிடையே செல்வாக்குத் தேடித்தந்தது ஒரு பந்தயம். 1980இல் பொருளியலர் ஜூலியன் சைமனும் உயிரியலர் பால் எர்லிக்கும் செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்து உலோகங்களின் விலை பத்தாண்டில் ஏறுமா இறங்குமா எனப் பந்தயம் கட்டினர். 1990இல் எர்லிக் தோற்று, 576.07 டாலருக்குக் காசோலை அனுப்பினார். எனினும் இந்தப் பந்தயம் சந்தையில் விலைபோகும் பொருள்களைப் பற்றியது. வளிமண்டலத்திற்கு விலை இல்லை. அதனால் அது நிரம்புவதைச் சந்தை அறிவிப்பதும் இல்லை. சோலோவின் வாதம் முதல் எல்லைக்குப் பொருந்தும் அளவுக்கு இரண்டாம் எல்லைக்குப் பொருந்தாது.

மூன்றாவது அரசியல் சார்ந்தது. அர்ஜென்டினாவின் பாரிலோச்சே அறக்கட்டளையில் அமில்கார் எர்ரெரா தலைமையில் உருவான இலத்தீன் அமெரிக்க உலக மாதிரி 1976இல் வெளியாயிற்று. அது இருக்கும் போக்கு எங்குச் சென்று முடியும் எனக் கேட்கவில்லை. மக்கள் அனைவருடைய அடிப்படைத் தேவையும் நிறைவேறும் உலகிற்குச் செல்லும் வழி எது எனக் கேட்டது. மானுடத்தின் தடை பருப்பொருளில் இல்லை, அதிகாரமும் செல்வமும் பங்கிடப்பட்டுள்ள முறையில் உள்ளது என்பது அதன் முடிவு. தென்னுலகிலிருந்து எழுந்த முதன்மையான மாற்றுக் காட்சி இதுவே.

வளர்ச்சி அனுமானமாதல்

1896இல் ஸ்வான்டே அரீனியஸ் கரியமில வாயுவிற்கும் புவி வெப்பத்திற்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மவுனா லோவாவில் அளவீட்டைத் தொடங்கியபோது, பத்து இலட்சத்தில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280. 2020களில் 420ஐ எட்டியது.

இந்த அறிவியலைப் பொருளியலுடன் இணைத்தவர்களுள் முன்னோடி, ரோம் மன்ற வழியை மறுத்த அதே நார்தாவுஸ். 1970களின் நடுவில் அவர் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தும் செலவைக் கணக்கிடத் தொடங்கினார். 1990களில் அது ஒருங்கிணைந்த மாதிரியாக விரிந்தது. எல்லை உண்டா என்ற வினா அதில் இல்லை. வெப்பத்தால் வரும் இழப்பும் அதைத் தடுக்கும் செலவும் எந்தப் புள்ளியில் சமனாகும் என்பதே வினா. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே செல்லும். காலநிலை அவ்வளர்ச்சியிலிருந்து ஒரு பங்கைக் கழிக்கும்.

1988இல் உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டமும் இணைந்து காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழுவை நிறுவின. அதன் சார்பில் 1992இல் ஆறு காட்சிகளும், 2000இல் நெபொய்சா நாகிசெனோவிச் தலைமையில் நாற்பது காட்சிகளும் வகுக்கப்பட்டன. இக்காட்சிகள் ஜப்பானிய அறிஞர் யோய்ச்சி காயா வகுத்த எளிய சமன்பாட்டின் வழி விளங்கும். மக்கள்தொகை, தலைவருமானம், வருமான அலகுக்கான ஆற்றல், ஆற்றல் அலகுக்கான கரி ஆகிய நான்கின் பெருக்கமே உமிழ்வு. இவற்றுள் எதைக் குறைத்தாலும் உமிழ்வு குறையும். ஆனால் தலைவருமானத்தைக் குறைத்துப் பார்க்கும் காட்சி நாற்பதில் ஒன்றும் இல்லை. 2100இல் உலக மொத்த உற்பத்தி மிகக் குறைந்த காட்சியில் பத்து மடங்காகவும் மிகுந்த காட்சியில் இருபத்தாறு மடங்காகவும் உயர்ந்தது. 1972இல் வினாவாக இருந்தது இவ்வாறு விடையின் பகுதியாயிற்று.

நாணயமாற்றுப் பூசல்

நாற்பது காட்சிகளின் மீது வந்த கூர்மையான தாக்குதல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறையின் முன்னாள் தலைவர் இயன் காசில்ஸ், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் முன்னாள் தலைமைப் பொருளியலர் டேவிட் ஹென்டர்சன் ஆகிய இருவரும், 2002இல் குழுவின் தலைவராக இருந்த ராஜேந்திர பச்சௌரிக்கு எழுதிய கடிதங்களில் ஒரு கணக்குப் பிழையைச் சுட்டினர். வறிய நாடுகளின் வருமானத்தைச் சந்தை நாணயமாற்று வீதத்தில் டாலராக மாற்றியதால், அவர்களது இன்றைய நிலை உள்ளதினும் தாழ்வாகத் தோன்றுகிறது. நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் செல்வ நாடுகளை நெருங்குவர் எனக் கொண்டால், தாழ்ந்த தொடக்கத்திலிருந்து செல்லும் அவ்வளர்ச்சி இயல்புக்கு மீறிய வேகம் உடையதாகும், உமிழ்வும் மிகையாகும். வாங்கும் திறன் சமநிலையைப் பயன்படுத்தியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது என்பது அவர்கள் வாதம்.

காட்சி வகுத்தோர் விரிவான மறுப்பை அளித்தனர். உமிழ்வு டாலரிலிருந்து பிறப்பதில்லை. எரிக்கப்படும் எரிபொருளிலிருந்து பிறக்கிறது. வருமானத்தின் அலகை மாற்றினால் வருமான அலகுக்கான ஆற்றலும் உடன் மாறும். ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யும் என்றனர். 2005இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவையின் பொருளாதாரக் குழு விமர்சகர் பக்கம் சாய்ந்து, காட்சிகளை மறுபரிசீலனை செய்யுமாறு கோரியது. தொழில்நுட்பப் பூசலாகத் தோன்றும் இதன் உள்ளடக்கம் வேறு. வறிய நாடுகள் செல்வ நாடுகளை நெருங்கும் என்ற நம்பிக்கை கணக்குப் பிழையா, நீதியின் குறைந்தபட்ச நிபந்தனையா என்பதே அடியில் இருந்த வினா.

வருங்காலத் தலைமுறையின் மதிப்பு

2006இல் நிக்கோலஸ் ஸ்டேர்ன் பிரித்தானிய அரசுக்கு அளித்த ஆய்வறிக்கை, செயலற்றிருந்தால் உலக உற்பத்தியில் நிரந்தரமாக 5 முதல் 20 விழுக்காடு வரை இழப்பு நேரும் என்றும், தடுக்கும் செலவு ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு என்றும் கூறியது. நார்தாவுஸ் இதை மறுத்தார். இருவரையும் பிரித்ததில் பெரும்பங்கு கழிவு வீதத்திற்கு உண்டு. பிற்காலத்தவர் நலன், பிற்காலத்தது என்பதற்காக மட்டும் ஆண்டுதோறும் எவ்வளவு குறைத்து மதிக்கப்படலாம் என்பதில் ஸ்டேர்ன் 0.1 விழுக்காட்டையும் நார்தாவுஸ் 1.5 விழுக்காட்டையும் கொண்டனர். நூறாண்டுக்குப் பின் வரும் 100 ரூபாய் நலன் முதல் கணக்கில் இன்று ஏறத்தாழ 90 ரூபாய். இரண்டாம் கணக்கில் ஏறத்தாழ 23 ரூபாய். இதனைத் தீர்மானிக்க எந்த வெப்பமானியும் உதவாது; இது அறம் சார்ந்த தேர்வு.

2018 அக்டோபர் 8 அன்று நார்தாவுஸுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. வெப்ப உயர்வை 1.5 பாகையில் நிறுத்துவது பற்றிய அரசுகளுக்கிடையேயான குழுவின் சிறப்பறிக்கை வெளியானதும் அன்றே. அவருடைய மாதிரி அக்காலத்தில் உகந்தது எனக் காட்டிய பாதை, 2100இல் 3 பாகைக்கும் மேற்பட்ட உயர்வுக்கு இட்டுச் சென்றது. வளர்ச்சியை முதன்மையாக வைக்கும் கணக்கும் புவியின் நிலையை முதன்மையாக வைக்கும் கணக்கும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அந்த ஒரு நாள் எடுத்துக்காட்டியது.

புதிய காட்சிகளும் பழைய வினாவும்

2010க்குப் பின் காட்சிகளின் அமைப்பு மாறியது. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் ஆற்றல் கூடுதலாகப் புவியில் தங்கும் என்பதைக் கொண்டு 2.6, 4.5, 6.0, 8.5 என நான்கு பாதைகள் பெயரிடப்பட்டன. பின்னர் ஐந்து சமூகப் பொருளாதாரப் பாதைகள் இவற்றுடன் இணைந்தன. 8.5 பாதை பல ஆய்வுகளில் 'வழக்கம்போல் நடந்தால்' என்ற பொருளில் ஆளப்பட்டது. 2020இல் சீக் ஹவுஸ்ஃபாதர், கிளென் பீட்டர்ஸ் ஆகியோர் அவ்வழக்கம் தவறான எண்ணத்தைத் தருகிறது என வாதிட்டனர்; 2021இல் குழுவின் ஆறாம் அறிக்கையும் அத்தகைய உயர் உமிழ்வின் வாய்ப்புக் குறைவு என ஏற்றது. இது ஆறுதல் அளிக்கும் செய்தியேயாயினும், இடைப்பட்ட பாதைகளும் தீங்கற்றன அல்ல.

மறுபுறம், வெப்பத்தை 2 பாகைக்குள் நிறுத்தும் காட்சிகளுட் பல, நூற்றாண்டின் பிற்பகுதியில் வளிமண்டலத்திலிருந்து பெருமளவு கரியமில வாயு திரும்ப எடுக்கப்படும் எனக் கொண்டன. 2016இல் கெவின் ஆண்டர்சனும் கிளென் பீட்டர்ஸும் இதனை ஆபத்தான சூதாட்டமாகக் கண்டித்தனர். அந்த அளவில் இயங்கும் தொழில்நுட்பம் இன்னும் உருவாகவில்லை. வளர்ச்சியைக் கேள்விக்கு உட்படுத்தாத கணக்கு, இல்லாத கருவியிடம் கடன் வாங்குகிறது என இதனைச் சுருக்கலாம். 2021இல் ஜேசன் ஹிக்கல் உள்ளிட்டோர், செல்வ நாடுகளில் வளர்ச்சியை நாடாத காட்சிகளையும் வகுக்க வேண்டும் எனக் கோரினர். 1970களில் நிக்கோலாஸ் ஜார்ஜெஸ்கு-ரோகனும் ஹெர்மன் டேலியும் எழுப்பிய வினா இவ்வாறு மீண்டது.

இவ்விடத்தில் இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்புக் குறிப்பிடத்தக்கது. 1991இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சார்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், நெல்வயலின் மீத்தேனையும் சொகுசு மகிழுந்தின் புகையையும் ஒரே தட்டில் நிறுப்பது அநீதி என வாதிட்டு, உயிர்வாழ்வுக்கான உமிழ்வையும் ஆடம்பர உமிழ்வையும் பிரித்தனர். டி. ஜெயராமன், தேஜல் கனித்கர் முதலியோர் 2020களில் ஆறாம் அறிக்கையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட காட்சிகளை ஆராய்ந்தனர். 2050இலும் தெற்காசியா, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா ஆகியவற்றின் தலைவருமானம் உலகச் சராசரிக்குக் கீழேயே இருக்கும் என அக்காட்சிகள் கொள்வதை அவர்கள் வெளிப்படுத்தினர். காசில்ஸும் ஹென்டர்சனும் மிகை எனக் கண்டித்த வருமான நெருக்கம் இருபதாண்டில் காட்சிகளிலிருந்து பெரிதும் மங்கிவிட்டது. எல்லோருக்கும் வளர்ச்சி எனப் பேசும் காட்சி, உண்மையில் ஏற்றத்தாழ்வு நீடிக்கும் உலகையே வரைந்துள்ளது.

முடிவுரை

ஐம்பதாண்டு விவாதத்திலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, எல்லை இடம் மாறியதே அன்றி மறையவில்லை. உலோகத்தின் விலை இறங்கியதால் 1972 அறிக்கையின் ஒரு பகுதி வலுவிழந்தது. கழிவைத் தாங்கும் வெளியைப் பற்றிய பகுதி வலுப்பெற்றது. இரண்டு, காட்சிகளில் வளர்ச்சி அனுமானமாக அமைந்தது அறிவியல் கண்டறிந்த முடிவன்று. மாதிரி வகுத்தோரின் தேர்வு. அத்தேர்வு வெளிப்படையாக வைக்கப்படாதபோது, அரசியல் முடிவு கணிதத்தின் உடையை அணிகிறது. மூன்று, வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்போரும் இல்லை என்போரும் 'உலகம்' என்ற ஒற்றை அலகில் பேசுகையில், இருப்பைத் தின்று உயர்ந்தவரும் இன்னும் விளக்கேற்றாதவரும் ஒன்றாக்கப்படுகின்றனர்.

குமரப்பா வகுத்த வேறுபாட்டை இங்கு மீளவும் கருதலாம். எல்லை மக்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எந்த வளத்தை, எவர், எந்த அளவில் தின்கின்றனர் என்பதில் உள்ளது. 1976இல் பாரிலோச்சே மாதிரி செய்ததைப்போல, தேவை நிறைவை இலக்காக வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடும் காட்சிகள் தென்னுலகின் ஆய்வு நிறுவனங்களில் உருவாக வேண்டிய காலம் இது. எதிர்காலத்தின் கணக்கைப் பிறர் எழுதிக்கொண்டிருக்கும் வரை, அதில் தெற்காசியாவின் இடமும் பிறர் ஒதுக்கும் இடமாகவே இருக்கும்.